பக்கம் போடுவதற்கு முன்பே அச்சகத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் நூலக வாசகர் வட்டங்களும் சொந்தச் செலவில் இதழ் கொண்டுவரத் தொடங்கியிருப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். படித்ததும் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எழுதி முடித்த மேட்டர் அச்சாகிக் கைக்கு வருவதற்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த நடுவில்தான் என் பிழைப்பு. தக்கலையில் டி.டி.பி. சென்டர், அதாவது கம்ப்யூட்டரில் எழுத்தடித்து அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் கடை, வைத்திருக்கிறேன். கல்யாணக் குறி (அழைப்பிதழ்), கோயில் கொடை நோட்டீஸ், சபை மாத இதழ், பள்ளி ஆண்டுமலர் எல்லாவற்றுக்கும் பக்கம் போடுகிறேன். இந்தச் சிறு இதழ்களும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரும்பாலும் பென் டிரைவோடுதான் வருவார்கள். "அக்கா, எல்லா வேலையும் முடிஞ்சாச்சு. பிரிண்டுக்கு மட்டும் அனுப்பினா போரும்" என்பார்கள். வெளியீட்டுக்கு மண்டபம் பேசியாகியிருக்கும், சிறப்பு விருந்தினருக்கும் தேதி சொல்லியாகியிருக்கும். ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே எனக்கு மனசு கனத்துவிடும். ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்துச் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் அது செல்போன் திரைக்குச் செய்த வேலை, காகிதத்துக்குச் செய்தது அல்ல. அதை அச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது என்றால் பாதிக்குமேல் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு நேரமும் இருக்காது, பணமும் இருக்காது. அளவெடுக்காமல் துணியை வெட்டிவிட்டுத் தையல்காரரிடம் போவதுபோல் ஆகிவிடுகிறது காரியம்.

இதழ் கொண்டுவர நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பக்கம் போட உட்காருவதற்கு முன்னால் ஒருநாள் அச்சகத்துக்குப் போங்கள். என்ன அளவு, என்ன தாள், எத்தனை பக்கம், எத்தனை பிரதி, எப்படிப் பைண்டிங் என்று பேசி முடிவுசெய்துகொண்டு வந்து அப்புறம் கம்ப்யூட்டரைத் திறங்கள்.

அளவையே எடுத்துக்கொள்வோம். கிரவுன் கால் அளவு என்று அச்சகத்தில் சொல்வது சும்மா வைத்த பெயர் அல்ல. 20-க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் ஒன்றை மடித்தால் ஏழரைக்குப் பத்து அங்குலத்தில் 8 இலை கிடைக்கும், அதாவது 16 பக்கம். மூன்று ஓரமும் வெட்டிய பிறகு ஏறத்தாழ ஏழே காலுக்கு ஒன்பதரை நிற்கும். ஒருவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எட்டுக்குப் பத்தரையில் பக்கம் போட்டுக்கொண்டு வந்தால் அது இந்தத் தாளில் அடங்காது. பெரிய தாள் வாங்கி மீதியை வெட்டி எறிய வேண்டும். எறிகிற காகிதத்துக்கும் இதழ்க்காரர்கள்தான் காசு கொடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் சதுரத்தில் முழு இதழையும் செய்துகொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

பக்க எண்ணிக்கையும் அப்படித்தான். நடுவில் பின் அடிக்கும் இதழ் நாலின் மடங்கில்தான் வர முடியும். 34 பக்கம் என்று ஒன்று கிடையாது. 32 அல்லது 36. ஒரு பழைய இதழின் பின்னைக் கழற்றிப் பாருங்கள், புரிந்துவிடும். 36 பக்க இதழில் 1-ஆம் பக்கமும் 36-ஆம் பக்கமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2-க்கு ஜோடி 35, 3-க்கு 34. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 37 வரும். இந்த வரிசையை அச்சகத்திலேயே அமைத்துக்கொள்வார்கள். நீங்கள் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியாகக் கொடுத்தால் போதும், இரண்டிரண்டாக ஒட்டிக் கொடுக்கக் கூடாது. தடித்த இதழாக இருந்து பசை போட்டு முதுகு ஒட்டுவதாக இருந்தால் உள்பக்க மார்ஜினைத் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் வரியின் ஆரம்பம் மடிப்புக்குள் போய்விடும். படிக்கிறவர் இதழை இரண்டு கையாலும் பிளந்து பிடிக்க வேண்டிவரும்.

இனி எழுத்து. இங்கேதான் தமிழுக்கென்று தனித் தொல்லைகள் இருக்கின்றன. கட்டுரைகள் இப்போது வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும், எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் வருகின்றன. நம் பக்கத்து அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது, யூனிகோடு தெரியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனால் பழகிய கை பழைய எழுத்துருவை விடுவதில்லை. ஆகவே மேட்டரை எழுத்துரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோவார்கள், பிறகு தேவைப்பட்டால் திரும்ப யூனிகோடுக்கு. அந்தப் போக்குவரத்தில் எழுத்துகள் அடிபடும். ‘அவர்கள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அடித்த பல மேட்டர்களில் ர இருக்கும் இடத்தில் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்திருக்கும்: ‘அவா்கள்’. திரையில் ஒரு எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. தலைப்புக்கு வேறு எழுத்துரு மாற்றியதும் கால் தனியாக, புள்ளி தனியாக, நடுவில் ஒரு புள்ளிவட்டம் என்று சிதறி நிற்கும். ‘கௌரவம்’ என்பதற்கு ‘கெளரவம்’ என்று கொம்பும் ளகரமுமாக அடிப்பதும் இதே சாதி. நான் பக்கம் போடும் முன் இந்த இரண்டையும் தேடிப் பிடித்துத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறவர்கள் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழை ஒட்ட வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத பிள்ளைகள் ஸ்கிரைபஸ் பயன்படுத்தலாம். அது விலையில்லாதது, இப்போதைய பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக வருகிறது. எழுத்துருவுக்கும் திருட்டு நகலைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், பவனம் எல்லாம் உரிமத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு இதழுக்கு இரண்டு எழுத்துரு போதும். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றினால் கண் ஓரிடத்தில் நிற்காது.

வரி அமைப்பில் ஆங்கில இதழ்களைப் பார்த்துச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் சொற்கள் நீளமானவை. ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்று ஒரு சொல் வந்தால் அதுவே பக்கத்தை நெடுக்காகப் பிரித்த குறுகிய பத்தியில் முக்கால் வரியைப் பிடித்துக்கொள்ளும். ஏ4 பக்கத்தில் மூன்று பத்தி போட்டு இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். இரண்டு பத்தி போடுங்கள், அல்லது வலது ஓரத்தைச் சீராக்காமல் விட்டுவிடுங்கள். சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. ‘வந்தார்’ என்பதில் கடைசி ‘ர்’ மட்டும் கீழே போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பக்கத்தை அச்சுக்கு விட மனசே வராது. எழுத்து பத்தரை, பதினொன்று பாயின்டில் இருந்தால் வரி இடைவெளி பதினான்கு, பதினைந்தாவது வேண்டும். மேலே கொக்கியும் சுழியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் தொங்குகிற எழுத்து நம்முடையது. நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும்.

விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் இதழ்களில் ஒரு மலையாளக் கவிதையும் இருக்கும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண், இரண்டு மொழியும் புழங்கும் வீடுகள் இன்றும் உண்டு. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த மேட்டரை எழுத்தாகக் கொடுங்கள், படமெடுத்து அனுப்பாதீர்கள். ப்ரூஃப் (பிழைதிருத்தும் படி) பார்க்க மலையாளம் தெரிந்த ஒருவரும் கூட வர வேண்டும்.

படங்கள். சென்ற வருஷம் மலையோரத்து வாசகர் வட்டம் ஒன்று நல்ல இதழ் ஒன்று செய்தது. அதில் கருப்பட்டி காய்ச்சும் ஒரு பாட்டியின் பேட்டி. பாட்டி அகப்பையோடு பானைக்கு முன்னால் நிற்கும் படம் முழுப் பக்கத்துக்கு வைத்திருந்தார்கள். அது வாட்ஸாப்பில் நாலைந்து பேர் கை மாறி வந்த படம். திரையில் முகத்தின் சுருக்கம்கூடத் தெரிந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாகக் கலங்கிப்போயிருந்தது. எடுத்தவரின் போனில் அசல் அழிந்துவிட்டது. அதற்குள் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசியில் அந்தப் படத்தை மூன்று அங்குல அகலத்துக்குச் சுருக்கிப் போட்டோம். கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். 900 பிக்சல் அகலமுள்ள படம் 3 அங்குலத்துக்குத்தான் தாங்கும். ஏழு அங்குலம் வேண்டுமென்றால் 2100 பிக்சல் வேண்டும். படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் இல்லாத புள்ளி வந்துவிடாது. வாட்ஸாப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது படம் சுருங்காது. எடுத்த அன்றைக்கே அசலை வாங்கி ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள்.

நிறத்தில் ஏமாற்றம் அடையாதவர்கள் குறைவு. போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது, ஆர்.ஜி.பி. என்பார்கள். அச்சகத்தில் நீலம், செஞ்சாயம், மஞ்சள், கறுப்பு என்று நாலு மை, நாலு பிளேட் (அச்சுத் தகடு). திரையில் தெரிகிற எல்லா நிறமும் இந்த நாலு மையில் கிடைப்பதில்லை. முட்டம் கடலின் பளீர் நீலத்தை அட்டையில் போட்டால் ஊதாவாக வந்து நிற்கும். நாஞ்சில் நாட்டு வயலின் இளம்பச்சை மங்கிப்போகும். ஆகவே படங்களை முன்கூட்டியே இந்த நாலு மை முறைக்கு, அதாவது சி.எம்.ஒய்.கே.வுக்கு, மாற்றிப் பாருங்கள். நீலத்தில் செஞ்சாயத்தின் அளவைக் குறைத்தால் ஊதா விலகும். கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியில் செய்கிறவர்கள் பி.டி.எஃப். பிரிண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வெட்டுக்குறியும் பிளீடும் வருகிற மாதிரி இறக்க வேண்டும். நாலு வண்ண முறையில் இறக்கும் வசதி அதில் கட்டணம் கட்டியவர்களுக்கு இருக்கிறது.

பிளீடு என்பது பக்கத்தின் ஓரம்வரை போகும் படத்தையோ நிறத்தையோ வெட்டும் கோட்டுக்கு வெளியே இன்னும் 3 மில்லிமீட்டர் நீட்டி விடுவது. வெட்டும் மெஷினில் தாள்கட்டு ஒரு மயிரிழை நகரும். நீட்டி விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதே காரணத்துக்காகப் பக்க எண்ணையும் கவிதையின் கடைசிச் சொல்லையும் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள்.

கவிதைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இருண்ட படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் கவிதை போடுவது எல்லோருக்கும் பிடிக்கிறது. திரையில் அழகுதான். ஆனால் நாலு மையும் சேர்ந்து விழுகிற இடத்தில் மை சற்றுப் பரவும். அப்போது முதலில் அடைபடுவது நம் புள்ளிதான். மெய்யெழுத்தின் புள்ளி நிறைந்து மறைந்துவிட்டால் ‘கண்கள்’ ‘கணகள’ ஆகிவிடும். ஒரு கவிஞர் தன் முதல் கவிதை அச்சில் வந்திருப்பதைப் பார்க்க ஆசையாகப் பக்கத்தைத் திருப்பி, அதைத் தானே படிக்க முடியாமல் நின்றதைக் கண்டிருக்கிறேன். வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால் பெரிதாக, தடித்த எழுத்தாக வையுங்கள். சாதாரண எழுத்தைத் தனிக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நாலு மையும் கலந்த கறுப்பில் இருந்தால் பிளேட் இம்மி விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் எழுத்து நிற்கும். ஃபைலைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்து மட்டும் உள்ள இதழுக்கு 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள் போதும், 70-ல் பின்பக்கத்துப் படம் கொஞ்சம் நிழலாடும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் எழுத்து படிக்கக் கண்ணைக் கூசும், விலையும் கூட. இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. இங்கே ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. தாள் ஈரம் குடித்திருக்கும், மை மெதுவாகக் காயும். அவசரப்படுத்தினால் ஒரு பக்கத்து மை அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வருஷக் கடைசியில் காலண்டர், டைரி, கிறிஸ்துமஸ் வேலைகளால் அச்சகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. வெளியீட்டுத் தேதியை அச்சகத்தைக் கேட்டபிறகு குறியுங்கள். சில நூறு பிரதிகள் மட்டும் என்றால் பிளேட் செய்து ஓட்டும் ஆஃப்செட்டுக்கு அந்தச் செலவு கட்டாது, டிஜிட்டல் பிரிண்டே மேல்.

ப்ரூஃபைத் திரையில் பார்க்காதீர்கள். காகிதத்தில் எடுத்து, எழுதியவர் அல்லாத ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். தலைப்பு, பெயர், படக்குறிப்பு, பக்க எண் இவற்றைத் தனியாக ஒருமுறை. பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது பெரிய எழுத்தில்தான். இதழ் மாதிரியே ஒரு டம்மி (மாதிரிப் பிரதி) மடித்துத் தரச் சொல்லி, அதில் கையெழுத்துப் போட்ட பிறகே ஓட்டச் சொல்லுங்கள். விலை குறைவு என்று வெளியூர் அச்சகம் ஒன்றுக்கு ஃபைலை அனுப்பி, ப்ரூஃபே பார்க்காமல் கட்டுக்கட்டாக வாங்கி வந்த ஒரு குழுவின் இதழில் இரண்டு கட்டுரைகளின் நடுப்பக்கங்கள் இடம் மாறியிருந்தன. கேட்டதற்கு, நீங்கள் தந்ததைத்தான் அடித்தோம் என்று பதில் வந்தது. அந்தக் குழு அடுத்த இதழ் கொண்டுவரவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அதில் எழுதிய இரண்டு பெண்பிள்ளைகள் நன்றாக எழுதக்கூடியவர்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்தியோ அதன்மேல் கருத்தோ தாங்கி முறையாக வரும் இதழ் என்றால் பதிவு வேண்டும். விண்ணப்பம் இப்போது இணையவழியில்தான். எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் ஊரும் இதழில் இருக்கட்டும்.

அச்சு இந்த மாவட்டத்துக்குப் புதியதல்ல. 1820களில், பாதிரியார் சார்லஸ் மீட் காலத்திலேயே, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் ஓடியிருக்கிறது. 1988-இல் சுந்தர ராமசாமி காலச்சுவடு இதழைத் தொடங்கியதும் நாகர்கோவிலில்தான். இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அச்சகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டித்தர ஒரு ஏற்பாடும் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. பள்ளியில் சொல்லித்தருவதில்லை. அச்சகத்தில் கேட்டால் அவர்களுக்கு நேரமில்லை. பிள்ளைகள் யூடியூப்பில் பார்த்துக் கற்கிறார்கள். அதில் தமிழ் எழுத்தின் சங்கதி எதுவும் வராது.

எனவே மூன்று பேரிடம் கேட்கிறேன். அச்சக உரிமையாளர்களாகிய அண்ணாச்சிமார் தங்கள் மெஷின் தாங்கும் தாள் அளவு, பிளீடு, ஃபைல் எப்படி வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் தங்கள் வாசகர் வட்டக் கூட்டங்களில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க வேண்டும். உங்கள் நாளிதழ் தன் நாகர்கோவில் பதிப்பு எப்படி உருவாகிறது என்பதை, பக்கம் போடுவது முதல் தாள்கட்டு வேனில் ஏறுவது வரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களோடு வெளியிட வேண்டும்.

நூலகத்தில் கூப்பிட்டால் நான் வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஓட்டி முடித்த பிளேட்டுகள் சிலவும், மடிக்காத, வெட்டாத ஃபாரம் (பல பக்கங்கள் சேர்த்து அச்சான முழுத் தாள்) ஒன்றும் கொண்டுவருவேன். பிள்ளைகளே மடித்து, பக்க எண் எங்கெங்கே போய் விழுகிறது என்று பார்க்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் நல்லது, அதுவரை கடையில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
டி.டி.பி. சென்டர் நடத்தும் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.